42 பழைய கோப்புகளும் ஒரு மருந்தும்: பிரினியூரா அனுமதி, ஒரு நிகழ்வு ஆய்வு

2017 ஏப்ரல் 27 அன்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ, செர்லிபோனேஸ் ஆல்ஃபா என்ற மருந்துக்கு அனுமதி அளித்தது. பயோமரின் நிறுவனம் 'பிரினியூரா' என்ற பெயரில் அதை விற்கிறது. சோதனையில் சேர்ந்தவர்கள் 24 குழந்தைகள். அவர்களில் ஒருவருக்கும் டம்மி மருந்து தரப்படவில்லை. குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரிக்கவும் இல்லை. 24 பேருக்கும் மருந்து போனது. மருந்து இல்லாவிட்டால் இவர்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விக்குப் பதில் சொன்னவை, இதே நோயால் முன்பு பாதிக்கப்பட்டு எந்தச் சிகிச்சையும் கிடைக்காமல் போன 42 குழந்தைகளின் மருத்துவப் பதிவுகள்.

அரிய நோய்களில் இப்படிப் பழைய நோயாளிகளை ஒப்பீட்டுக் குழுவாக வைப்பது புதிதல்ல. இந்த அனுமதியைத் தனியாக எடுத்துப் பார்க்கக் காரணம், எஃப்டிஏ அந்த 42 பேரின் பதிவில் ஒரு பத்தியை ஏற்றுக்கொண்டு பக்கத்துப் பத்தியைத் தள்ளியதுதான். நடை பற்றிய மதிப்பெண்கள் தேறின. பேச்சு பற்றிய மதிப்பெண்கள் தேறவில்லை. குழந்தைகளும் அவர்கள்தான், பதிவேடும் அதுதான். பழைய பதிவுகளை ஆதாரமாக ஏற்கலாமா கூடாதா என்று மொத்தமாக விவாதிப்பவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

நோயும் மருந்து செல்லும் வழியும்

நோயின் பெயர் சிஎல்என்2. பேட்டன் நோய் என்று பொதுவாகச் சொல்லப்படும் குடும்பத்தைச் சேர்ந்தது. டிபிபி1 என்ற நொதியை உருவாக்கும் மரபணு இரு பெற்றோரிடமிருந்தும் பழுதாகவே வந்து சேர்ந்தால் இந்த நோய் வரும். நொதி இல்லாததால் நரம்புச் செல்களுக்குள் கழிவு தேங்கிக்கொண்டே போகும். இரண்டு வயது வரை குழந்தை ஓடி விளையாடும். பேச்சு மட்டும் கொஞ்சம் பிந்தும். இரண்டிலிருந்து நான்கு வயதுக்குள் வலிப்பு வரும். அதன் பிறகு சரிவு வேகமெடுக்கும். ஆறு வயது வாக்கில் நடை போய்விடும், பேச்சும் போய்விடும், பார்வையும் மங்கும். பெரும்பாலான குழந்தைகள் பதின்வயதின் தொடக்கத்தைத் தாண்டுவதில்லை.

நோய்க்கு மருந்து என்பது அந்த நொதியையே வெளியிலிருந்து கொடுப்பது. ரத்தத்தில் ஏற்றினால் அது மூளைக்குள் நுழையாது. அதனால் அறுவை சிகிச்சை செய்து, தலையின் தோலுக்கடியில் ஒரு சிறு கிண்ணம் போன்ற கருவியைப் பதித்து, அதிலிருந்து ஒரு குழாயை மூளையின் நீர்க்குழிக்குள் இறக்குகிறார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 300 மில்லிகிராம் மருந்து, ஏறத்தாழ நான்கரை மணி நேரம் ஏறும். கிருமித்தொற்று அபாயம் எப்போதும் உண்டு.

இப்போது டம்மி குழுவை நினைத்துப் பாருங்கள். மூன்று வயதுக் குழந்தையின் மண்டையைத் திறந்து குழாயை வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெறும் உப்புநீரை ஏற்ற வேண்டும். அந்த ஓராண்டில் அந்தக் குழந்தை நடையை இழந்துவிடக்கூடும். இழந்த நடையைப் பிறகு கொடுக்கும் மருந்து மீட்டுத் தராது. எந்த நெறிமுறைக் குழு இதற்குக் கையெழுத்திடும்? எந்தத் தாய் சம்மதிப்பாள்? இந்த நோயில் பழைய பதிவுகளை நாடியதை வேலையைச் சுருக்கிக்கொள்ளும் உத்தி என்று சொல்ல முடியாது. வேறு வழி இருக்கவில்லை.

ஆறு மதிப்பெண்

நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று அளக்க ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர மருத்துவர்கள் மருந்து வருவதற்கு நெடுநாள் முன்பே ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கி வைத்திருந்தார்கள். சோதனையில் அதிலிருந்து எடுத்துக்கொண்டது இரண்டு பகுதிகள். நடைக்கு மூன்று, பேச்சுக்கு மூன்று, ஆக ஆறு.

நடைக்கான அளவுகோல் சோதனையில் இப்படி இருந்தது. ஏறத்தாழ இயல்பாக நடந்தால் 3. தள்ளாட்டம் தெரிந்தாலும் பிடிமானம் இல்லாமல் பத்து அடி எடுத்து வைக்க முடிந்தால் 2. ஆள் பிடித்தால்தான் நடை, அல்லது தவழ மட்டுமே முடியும் என்றால் 1. நடையும் இல்லை, தவழலும் இல்லை என்றால் 0. பேச்சுக்கும் இதே மாதிரிதான். இயல்பான பேச்சு 3, குறை தெரியும் பேச்சு 2, புரிந்துகொள்ளவே சிரமமான சில சொற்கள் 1, புரியும் சொல் ஒன்றுகூட இல்லை என்றால் 0.

இந்த மதிப்பெண்களோடு பல நாட்டுக் குழந்தைகளின் நோய்ப்போக்கைச் சேர்த்துவைத்த பதிவேடுதான் டெம்-சைல்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு ஹாம்பர்க்கை மையமாக வைத்து நடந்தது. அதில் சில மதிப்பெண்கள் மருத்துவர் குழந்தையை நேரில் பார்த்துப் போட்டவை. சில, பழைய கேஸ் ஷீட்டைப் புரட்டியும் பெற்றோரிடம் கேட்டும் பிற்பாடு நிரப்பியவை. எல்லாக் கோப்புகளும் ஒப்பீட்டுக்கு உதவவில்லை. போதுமான இடைவெளியில் குறைந்தது இரண்டு மதிப்பெண்ணாவது இல்லாத குழந்தைக்குச் சரிவின் வேகத்தைக் கணக்கிடவே முடியாது. அப்படிக் கழித்துக் கட்டியபின் மிஞ்சியவர்கள்தான் 42 பேர்.

ஹாம்பர்க் மருத்துவர் ஆங்கெலா ஷுல்ஸ் தலைமையிலான குழு ஹாம்பர்க், லண்டன், ரோம், அமெரிக்காவின் கொலம்பஸ் ஆகிய நகரங்களில் சோதனையை நடத்தி, முடிவை 2018-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்டது. சிகிச்சையைத் தொடர்ந்த 23 பேருக்கு 48 வாரத்துக்குச் சராசரியாக 0.27 மதிப்பெண் குறைந்தது. பதிவேட்டுக் குழந்தைகளுக்கு அதே கால அளவில் 2.12 குறைந்தது. பழைய குழந்தைகளில் பாதிப் பேர் இரண்டு மதிப்பெண்ணை இழக்க 345 நாள் போதுமானதாக இருந்தது. மருந்து பெற்றவர்களில் ஆய்வுக் காலம் முழுதும் பாதிப் பேர் அந்த நிலைக்கு வரவே இல்லை. இவ்வளவு பெரிய இடைவெளியைத் தற்செயல் என்று சொல்ல யாரும் துணியவில்லை.

கத்தி விழுந்த இடம்

ஆனால் எஃப்டிஏ இந்த ஆறு மதிப்பெண் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. பேச்சு மதிப்பெண்ணைப் பொறுத்தவரை சோதனையில் போட்டதும் பதிவேட்டில் போட்டதும் ஒன்றுக்கொன்று ஒப்பிடத்தக்கவை என்று நிறுவ முடியவில்லை, ஆகவே பேச்சில் மருந்தின் பலன் நிறுவப்படவில்லை என்று மருந்துக் குறிப்பேட்டிலேயே எழுதிவிட்டது. அனுமதியின் வாசகமும் அதற்கேற்ப ஒடுங்கியது: நோய் அறிகுறி தெரிகிற, மூன்று வயதும் அதற்கு மேலும் ஆன குழந்தைகளில் நடை இழப்பைத் தாமதப்படுத்த. அவ்வளவுதான்.

இதை அதிகாரிகளின் அதிகப்படியான கறார் என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிடிமானம் இல்லாமல் பத்து அடி என்பதை ரோமில் பார்த்தாலும் ஹாம்பர்க்கில் பார்த்தாலும் பத்து அடிதான். எப்போது நடை நின்றது என்று ஒரு தாயிடம் மூன்று வருடம் கழித்துக் கேட்டாலும், எந்தப் பண்டிகைக்கு முன், யார் வீட்டு விசேஷத்துக்குப் பின் என்று சொல்லிவிடுவாள். பேச்சு அப்படியில்லை. மகன் சொல்லும் 'ம்ம்பா' தண்ணீர்தான் என்று தாய்க்குத் தெரியும், அவளைப் பொறுத்தவரை அது புரியும் சொல். வெள்ளைக் கோட்டுப் போட்ட புது டாக்டருக்கு அது வெறும் சத்தம். சோதனையில் மதிப்பெண் போட்டவர்கள் பயிற்சி பெற்றவர்கள், எதைப் பார்த்து எந்த எண்ணைப் போடுவது என்ற விளக்கம் கையில் இருந்தவர்கள். பழைய பதிவில் இருக்கும் 1 எந்தக் காதால் கேட்டுப் போடப்பட்ட 1 என்று இன்றைக்குத் திரும்பிப் போய்ச் சரிபார்க்க முடியாது. பேச்சில் மருந்து உதவவில்லை என்று எஃப்டிஏ எங்கும் சொல்லவில்லை. இந்த ஒப்பீட்டை வைத்து அதைச் சொல்ல முடியாது என்றுதான் சொன்னது.

நடைக் கணக்கையும் அவர்கள் சும்மா விடவில்லை. மொத்தம் ஆறும் முழுதாக இருந்த இருவரைக் கழித்து 22 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரே ஒரு குழந்தை முதல் வாரத்துக்குப் பின் சோதனையைத் தொடர முடியாமல் விலகியது. அந்தக் குழந்தையைக் கணக்கிலிருந்து நீக்காமல், சரிந்ததாகவே எடுத்துக்கொண்டார்கள். அப்படியும் 96 வாரத்தில் 22 பேரில் 21 பேருக்கு நடையில் சரிவில்லை. பதிவேட்டின் 42 பேரில் 21 பேர், சரியாகப் பாதி, மீளாத சரிவைக் கண்டிருந்தார்கள்.

இதற்கும் மேலே இணை தேடும் வேலை. வயது மூன்று மாத வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும், தொடக்க நடை மதிப்பெண் ஒன்றாக இருக்க வேண்டும், அடிக்கடி காணப்படும் இரண்டு மரபணுப் பிறழ்வுகளில் எத்தனை இருக்கின்றன என்பதும் பொருந்த வேண்டும். மூன்றும் பொருந்தி 17 ஜோடிகள் அமைந்தன. அந்த 17 ஜோடிகளை மொத்தமாகப் பார்த்தபோதும் மருந்து பெற்றவர்களிடம்தான் சரிவு குறைவு.

வயதுப் பொருத்தத்தில் இவ்வளவு பிடிவாதம் ஏன் என்றால், பழைய பதிவுகளில் மாட்டிக்கொள்ளும் முதல் கண்ணி அதுதான். மருந்து பெற்ற குழந்தைக்குக் கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது என்பதில் குழப்பமில்லை. முதல் ஊசி போட்ட நாள். மருந்தே பெறாத குழந்தைக்கு அந்த நாள் எது? நோய் கண்டுபிடித்த நாளா, முதல் வலிப்பா, மூன்றாவது பிறந்த நாளா? ஆராய்ச்சியாளர் எந்த நாளைத் தேர்ந்தெடுக்கிறாரோ அதைப் பொறுத்து சரிவு வேகமாகவோ மெதுவாகவோ தெரியும். அதிலும் சிஎல்என்2-வில் இரண்டு மூன்று ஆண்டுக்குள் சரிவின் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. ஆறு மாதம் தள்ளி வைத்தாலே படம் மாறிவிடும்.

வேறொரு பதிவேடு, வேறொரு முடிவு

பிரினியூராவுக்கு ஏழு மாதம் முன்பு, 2016 செப்டம்பர் 19 அன்று, அதே எஃப்டிஏ எட்டெப்லிர்சன் என்ற மருந்துக்கு அனுமதி கொடுத்தது. டுஷேன் தசைநலிவு நோய்க்கு சரெப்டா நிறுவனத்தின் மருந்து. அங்கேயும் பழைய பதிவுகள்தான் வழக்கின் மையம். ஆனால் நடந்த கதை நேர்மாறு.

சோதனையில் 12 சிறுவர்கள். முதல் 24 வாரம் நால்வருக்கு டம்மி மருந்து, பிறகு எல்லாருக்கும் மருந்து. அதனால் நீண்டகால ஒப்பீட்டுக்கு ஆள் இல்லாமல் போனது. பெல்ஜியத்தின் லூவன் மையத்திலிருந்தும் இத்தாலியப் பதிவேட்டிலிருந்தும் வயது, ஸ்டீராய்டு, மரபணு வகை ஆகியவை பொருந்தும் 13 சிறுவர்களைத் தேடி எடுத்தார்கள். ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறான் என்பதே அளவுகோல். மூன்று ஆண்டு முடிவில் மருந்து பெற்றவர்கள் 151 மீட்டர் முன்னே இருந்தார்கள் என்று ஆய்வுக் கட்டுரை சொன்னது. காகிதத்தில் இதுவும் பெரிய எண்தான்.

எஃப்டிஏவின் ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. ஆறு நிமிட நடை என்பது பாதி கால், பாதி மனசு. தனக்கு மருந்து ஏறுகிறது என்று தெரிந்த பையன், பக்கத்தில் நின்று 'இன்னும் கொஞ்சம்டா கண்ணா' என்று ஊக்கப்படுத்தும் அம்மா, எண்ணுக்காகக் காத்திருக்கும் ஊழியர். இது ஒரு பக்கம். மறுபக்கம், வருடாந்தரப் பரிசோதனைக்கு வந்து நடந்துவிட்டுப் போகும் பையன். இருவரும் ஒரே பரீட்சையை எழுதினார்கள் என்று எப்படிச் சொல்வது? ஒப்பீட்டுக் குழுவைத் தேடியதே சோதனை தொடங்கிய பிறகுதான். போதாக்குறைக்கு, இதே வழியில் வேலை செய்யும் டிரிசாபெர்சன் என்ற போட்டி மருந்து 2013-ல் 186 சிறுவர்களிடம் டம்மி மருந்தோடு நேருக்கு நேர் நின்றபோது தோற்றிருந்தது. ஆறு நிமிட நடையில் அது காட்டிய வித்தியாசம் ஏறத்தாழ 10 மீட்டர்.

2016 ஏப்ரலில் கூடிய ஆலோசனைக் குழுவின் அரங்கில் சக்கர நாற்காலிகளோடு குடும்பங்கள் நிறைந்திருந்தன. நடையில் பலன் நிரூபணமானதா என்ற கேள்விக்கு இல்லை என்று 7 பேர், ஆம் என்று 3 பேர், வாக்களிக்காமல் 3 பேர். இருந்தும் மருந்து அனுமதி பெற்றது. எஃப்டிஏவின் மருந்துப் பிரிவுக்கு அப்போது தலைவராக இருந்த ஜேனட் வுட்காக் தன் கீழுள்ள ஆய்வாளர்களை மீறிக் கையெழுத்திட்டார். ஆனால் அவர் சாய்ந்துகொண்டது அந்த 13 சிறுவர்களின் பதிவின் மேல் அல்ல. இந்த நோயில் இல்லாமல் போகும் டிஸ்ட்ரோபின் என்ற புரதம் தசையில் சற்றுக் கூடியதன் மேல்தான். கூடியது எவ்வளவு? ஒரு சோதனையில் 48 வாரத்தில் இயல்பான அளவின் 0.16 விழுக்காட்டிலிருந்து 0.44 விழுக்காட்டுக்கு. 151 மீட்டர் என்ற எண் கடைசியில் குறிப்பேட்டின் ஆதாரமாக நிற்கவே இல்லை. ஐரோப்பிய மருந்து முகமை 2018-ல் இந்த மருந்தை மறுத்துவிட்டது.

இரண்டு வழக்கையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று விளங்குகிறது. ஒப்பீட்டுக் குழுவின் எண்ணிக்கை தீர்மானிக்கவில்லை, பொருத்தம் பார்த்த புள்ளியியல் நுட்பமும் தீர்மானிக்கவில்லை. அளவுகோல் நோயாளியின் விருப்பத்துக்கு வளைந்துகொடுக்காததாக இருந்ததா, மருந்து கொடுத்தவர்களும் பதிவேடு எழுதியவர்களும் அதையே அதே விதமாக அளந்தார்களா என்பதே தீர்மானித்தது. சாவு, மூச்சுக்கருவி, தன்னால் உட்காருவது போன்றவற்றில் இந்தச் சிக்கல் குறைவு. முதுகுத் தண்டுத் தசைநலிவுக்கான சோல்ஜென்ஸ்மா சோதனையில் 15 குழந்தைகளும் 20 மாதத்தில் நிரந்தர மூச்சுக்கருவி இல்லாமல் உயிரோடிருந்தார்கள். பழைய பதிவில் அந்த விகிதம் 8 விழுக்காடு. அதற்கு முன் 2006-ல் அனுமதி பெற்ற போம்பே என்ற தசை நோய்க்கான மருந்திலும் இதே மாதிரிதான். 18 கைக்குழந்தைகளும் 18 மாத வயதை உயிரோடு எட்டினார்கள். அங்கெல்லாம் பேச்சு மதிப்பெண் பிரச்சினை எழ இடமில்லை.

2000-ம் ஆண்டிலேயே மருந்துச் சோதனை விதிகளை ஒருமைப்படுத்தும் ஐசிஎச் என்ற சர்வதேச அமைப்பின் இ10 வழிகாட்டி இதைச் சொல்லிவிட்டது: நோயின் போக்கு முன்கூட்டியே தெரிவதாக இருக்க வேண்டும், மருந்தின் விளைவு மிகப் பெரிதாக இருக்க வேண்டும், அப்போதுதான் வெளி ஒப்பீடு சரி. அளவுகோல் பார்ப்பவரைப் பொறுத்து மாறாததாக இருக்க வேண்டும் என்ற மூன்றாவது நிபந்தனையும் அதிலேயே உண்டு. அதன் எடையை உணர வைக்கிறது பிரினியூரா. நோய் முன்கூட்டியே தெரிவதாகத்தான் இருந்தது, விளைவும் பெரிதுதான். அப்படியும் பேச்சுப் பத்தி விழுந்தது.

ஐரோப்பா இதே தரவை வேறு விதமாகப் படித்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2017 மே மாதம் அங்கே கிடைத்த அனுமதியில் நடை மட்டும் என்ற கட்டுப்பாடு இல்லை. சிஎல்என்2 நோய்க்கான சிகிச்சை என்றே பொதுவாக இருந்தது, விதிவிலக்கான சூழல் என்ற பிரிவின் கீழ், மேலும் தரவு தந்துகொண்டே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. எது சரி என்று கேட்டால் அமெரிக்க வாசகமே நேர்மையானது என்பேன். ஆனால் ஒரு நோயாளிக் குடும்பத்துக்கு ஐரோப்பிய வாசகம் வசதியானது. காப்பீட்டு நிறுவனம் 'உங்கள் குழந்தையின் நடைதான் ஏற்கெனவே போய்விட்டதே' என்று சொல்லிக் கதவைச் சாத்த முடியாது. ஆண்டுக்கு 7 லட்சம் டாலருக்கு மேல் பட்டியல் விலை வைத்த மருந்தில் அந்த ஒரு வரி சின்ன விஷயமல்ல.

இங்கே நம் பக்கத்துக்கும் ஒரு வார்த்தை. இந்தியாவின் 2021 அரிய நோய்க் கொள்கை, மருத்துவமனைகள் வழியாக ஒரு தேசியப் பதிவேட்டை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் நடத்தும் என்கிறது. நல்லது. ஆனால் நோயின் பெயர், மரபணு முடிவு, ஊர் ஆகியவற்றோடு நின்றுபோகும் பதிவேடு எண்ணிக்கை சொல்லப் பயன்படுமே தவிர, நாளை ஒரு மருந்துக்கு ஒப்பீடாக நிற்காது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதே அளவுகோலில், முடிந்தால் வீடியோவோடு, அந்தக் குழந்தை என்ன செய்கிறது என்பது வேண்டும். நம் அரசு மருத்துவமனைகளில் ஓ.பி. சீட்டும் பழைய ரிப்போர்ட்டும் பெரும்பாலும் நோயாளியோடு வீட்டுக்குப் போய்விடுகின்றன. குழந்தை இறந்தபின் அந்தப் பையை யார் எடுத்து வைத்திருப்பார்கள்?

பதிவேடு காலாவதியாகும் விதம்

2024 ஜூலையில் எஃப்டிஏ பிரினியூராவை மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும், அறிகுறியே தெரியாத குழந்தைகளுக்கும் விரித்தது. அப்போதும் ஒப்பீட்டுக்கு நின்றவை சிகிச்சை பெறாத குழந்தைகளின் பழைய பதிவுகள்தான். ஆனால் இந்தக் கணக்கு இனி நெடுநாள் ஓடாது. மருந்து கிடைக்கும் நாடுகளில் சிகிச்சை பெறாத சிஎல்என்2 குழந்தை இனி பதிவேட்டில் புதிதாகச் சேரப்போவதில்லை. வலிப்பு மருந்துகளும் ஊட்டச்சத்துக் கவனிப்பும் மரபணுச் சோதனையின் வேகமும் மாறிக்கொண்டே போக, அந்த 42 பேர் வாழ்ந்த காலம் பின்னால் தங்கிவிடுகிறது. அடுத்து ஒரு மரபணுச் சிகிச்சை வந்தால் அதைச் சிகிச்சையற்றவர்களோடு ஒப்பிட்டு யாரும் திருப்தியடையப் போவதில்லை. பிரினியூரா ஏற்றிக்கொண்டிருக்கும் குழந்தைகளோடுதான் ஒப்பிட வேண்டும். அங்கே வித்தியாசம் 0.27-க்கும் 2.12-க்கும் இடையில் இருந்ததைப்போல இருக்காது.

பார்வை விஷயத்தில் இந்தச் சிக்கல் ஏற்கெனவே வந்துவிட்டது. மூளைக்குள் ஏற்றும் நொதி விழித்திரையைக் காப்பாற்றுவதில்லை. நடையைத் தக்கவைத்துக்கொண்ட குழந்தைகளும் பார்வையை இழக்கிறார்கள். லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனை அதே நொதியைக் கண்ணுக்குள் ஊசியாகப் போட்டுப் பார்க்க முடிவு செய்தபோது பழைய கோப்புகளைத் தேடிப் போகவில்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு கண்ணில் மட்டும் ஊசி போட்டார்கள். ஊசி போடாத மறுகண்ணையே ஒப்பீடாக வைத்துக்கொண்டார்கள்.